ரோகு மீனின் பெயருக்குப் பின்னால் ‘ஹாமில்டன், 1822’: யார் இந்த ஸ்காட்லாந்து மருத்துவர்?

சித்தூர், திருப்பதி, வேலூர் என்று இந்தப் பக்கத்தில் எந்த மீன் மார்க்கெட்டுக்குப் போனாலும், ஐஸ் பெட்டியில் முதலில் கண்ணில் படுவது கட்லாவும் ரோகுவும்தான். ரோகுவைத் தெலுங்கில் சீலாவதி என்பார்கள். பெரும்பாலும் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள குளங்களில் வளர்ந்து, ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் வந்து சேரும் மீன் இது.

இந்த மீனைப் பற்றி இரண்டு கேள்விகளை இந்திய விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நல்ல ஜோடிகளைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தால் ரோகுவை எவ்வளவு சீக்கிரம் வளர வைக்கலாம்? அப்படி வளரும் மீனுக்கு என்ன தீனி கொடுக்கணும்?

இந்த ஆய்வுக் கட்டுரைகளில் எதைத் திறந்தாலும், ரோகுவின் அறிவியல் பெயரான ‘லேபியோ ரோகிட்டா’வுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: ஹாமில்டன், 1822. கட்லா, மிர்கால் பெயர்களுக்குப் பக்கத்திலும் இதே குறிப்புதான். இந்த ஹாமில்டன் யார்? 200 வருஷத்துக்கு முந்தைய ஒரு பெயருக்கும் இன்றைய மீன் பண்ணைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு பெயர், ஒரே ஆள்

கொங்கு வட்டார வரலாறு படித்தவர்களுக்கு இவரை ‘புக்கானன்’ என்று தெரியும். மைசூர், கனரா, மலபார் பயண நூலை எழுதிய அதே பிரான்சிஸ் புக்கானன்தான் இவர். பிற்காலத்தில் தாய்வழிச் சொத்து கைக்கு வந்தபோது, அந்தக் குடும்பத்தின் பெயரான ஹாமில்டனையும் ஏற்றுக்கொண்டார். அதனால் வரலாற்று ஆசிரியர்களுக்கு அவர் புக்கானன், மீனியல் ஆய்வாளர்களுக்கு ஹாமில்டன். இரண்டு பேரும் ஒருவர்தான் என்பது தெரியாமலேயே பலர் இரண்டு பெயர்களையும் மேற்கோள் காட்டுவதுண்டு.

1762-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அப்பா மருத்துவர். இவரும் எடின்பரோவில் மருத்துவம் படித்து 1783-இல் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் மருத்துவப் படிப்பில் தாவரவியலும் ஒரு பகுதி. மருந்து பெரும்பாலும் செடியிலிருந்துதானே வந்தது! அங்கே பேராசிரியர் ஜான் ஹோப்பிடம் கற்ற தாவரவியல், அவருக்குக் கடைசிவரை விடாத பழக்கமாக ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் நின்று பார்ப்பது, அளப்பது, எழுதுவது.

சில வருஷங்கள் ஆசியாவுக்குப் போகும் கப்பல்களில் மருத்துவராக வேலை பார்த்தார். 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள மருத்துவப் பணியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே பர்மாவின் ஆவா அரசவைக்குப் போன தூதுக்குழுவில் அனுப்பப்பட்டார்.

மீன் பக்கம் எப்படி வந்தார்?

பர்மாவிலிருந்து திரும்பியதும் தென்கிழக்கு வங்காளத்தில் லட்சுமிபூர் என்ற ஊரில் வேலை போட்டார்கள். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. மேக்னா ஆற்றின் முகத்துவாரப் பகுதி. சுற்றிலும் ஆறு, வாய்க்கால், சதுப்பு. அங்கே தாவரம் தேடுகிறவருக்குக் கிடைப்பதைவிட மீன் தேடுகிறவருக்குக் கிடைப்பது அதிகம். அவரும் மீன்களைப் பற்றி எழுதத் தொடங்கினார்.

அப்போது வங்காள நன்னீர் மீன்களைப் பற்றி ஐரோப்பிய அறிவியலுக்குத் தெரிந்தது ரொம்பக் குறைவு. ஆனால் மீனவர்களுக்கும் சந்தையில் மீன் வாங்குகிறவர்களுக்கும் எல்லாம் தெரியும். எந்த மீன் எந்த மாதம் ஏறும், எது சேற்றில் மேயும், எது ருசி என்ற அறிவு அவர்கள் பேச்சில் இருந்தது. அது அச்சில் மட்டும் இல்லை.

சித்தூர் வழியாகப் போன பயணம்

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். புதிதாகக் கைக்கு வந்த நிலம் எப்படிப்பட்டது, அதில் என்ன விளைகிறது, எவ்வளவு வரி வரும் என்று கம்பெனிக்குத் தெரியணும். அந்த வேலையை கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, புக்கானனிடம் ஒப்படைத்தார்.

1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர் வழியாகப் போய், நாயக்கனேரி கணவாயில் மலையேறி, வேங்கடகிரிக்கோட்டையை அடைந்தார். இன்றைய சித்தூர் மாவட்டத்தில் நாம் வி.கோட்டா என்று சொல்லும் ஊர் அது. அங்கிருந்து கோலார் பக்கம் இறங்கி மைசூருக்குப் போனார். பிறகு கோயம்புத்தூர்ச் சீமை, மலபார், கனரா என்று சுற்றி, 1801-இல் சென்னைக்குத் திரும்பினார்.

போகும் வழியெல்லாம் ஏரி, கிணறு, மண், பயிர், கூலி, தறி, இரும்பு உருக்கும் உலை என்று ஒன்று விடாமல் எழுதினார். 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக அது அச்சானது. இந்தப் பயணத்தின் நோக்கம் அறிவியல் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும். ஜெயித்த நிலத்தைக் கணக்குப் பார்க்க அனுப்பப்பட்ட அதிகாரி அவர். ஆனால் அந்தக் கணக்கில் அவர் எழுதி வைத்த விவரங்கள், அனுப்பியவர்களின் தேவையையும் தாண்டி இன்றுவரை பயன்படுகின்றன.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அவர் கடந்து போன இந்தத் தென்னாட்டு ஏரிகளில் அன்று ரோகு கிடையாது. ரோகு வடக்கே கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆறுகளின் மீன். காவிரிக்கும் அதன் பக்கத்து ஏரிகளுக்கும் அது பிற்காலத்தில் மனிதர் கொண்டுவந்து விட்டதுதான்.

ஏழு வருஷம், ஆறு ஆறாக

தென்னாட்டுப் பயணத்துக்குப் பிறகு ஒரு வருஷம் நேபாளத்தில் இருந்தார். பிறகு கல்கத்தாவை அடுத்த பாரக்பூரில், கவர்னர் ஜெனரலின் விலங்குக் காட்சிசாலைக்குப் பொறுப்பாளரானார். அங்கே இந்திய ஓவியர்களை வைத்து விலங்கு, பறவைகளை வரையச் செய்தார். அவர்களில் ஹலுதார் என்ற வங்காள ஓவியரின் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. (இதே பாரக்பூரில்தான், பிற்காலத்தில், நாட்டின் மத்திய உள்நாட்டு மீன்வள ஆய்வு நிறுவனம் வந்தது. தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.)

1807 முதல் 1814 வரை வங்காள மாகாணத்தின் மாவட்டங்களைச் சர்வே செய்யும் வேலை. தினாஜ்பூர், ரங்பூர், பூர்ணியா, பாகல்பூர், பாட்னா, கோரக்பூர் என்று ஏழு வருஷம் நடந்தார். மக்கள் தொகை, விவசாயம், கோயில்கள், தொழில்களோடு, ஒவ்வொரு ஆற்றிலும் கிடைக்கும் மீன்களையும் பதிவு செய்தார்.

அங்கேதான் அவருடைய முக்கியமான முடிவு ஒன்று தெரிகிறது. புது மீனுக்குப் பெயர் வைக்கும்போது ஐரோப்பிய நண்பர்களின் பெயரையோ கிரேக்கச் சொல்லையோ தேடிப் போகாமல், பல மீன்களுக்கு உள்ளூரில் வழங்கிய பெயரையே அறிவியல் பெயராக்கினார். ரோகிட்டா, கட்லா, மிர்கலா, கல்பாசு, இலிஷா, பப்தா எல்லாமே கரையில் நின்ற ஆட்களின் வாயிலிருந்து வந்த சொற்கள். அந்த மீனவர்களின் பெயர்கள் புத்தகத்தில் இல்லை. அவர்கள் சொன்ன சொல் மட்டும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது.

பறிபோன ஓவியங்கள்

1814-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அவர் ரொம்ப நாள் ஆசைப்பட்ட பதவி. ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. அடுத்த வருஷமே தாய்நாடு திரும்ப முடிவு செய்தார்.

கிளம்பும் நேரத்தில் பெரிய அடி விழுந்தது. அவர் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த ஓவியங்களை எடுத்துப் போக அப்போதைய கவர்னர் ஜெனரல் அனுமதிக்கவில்லை. அவை கம்பெனியின் சொத்து, கல்கத்தாவிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. இன்றைய மொழியில் சொன்னால், வேலையை விட்டுப் போகும்போது லேப்டாப்போடு சேர்த்து 20 வருஷ டேட்டாவையும் வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்று வாதாடலாம். அவருக்கு அது கடைசிவரை ஆறாத மனக்குறை.

ஆனாலும் வேலையை விடவில்லை. ஸ்காட்லாந்தில் உட்கார்ந்து, தன்னிடம் இருந்த குறிப்புகளையும் படங்களையும் வைத்து எழுதினார். 1822-இல் கங்கையிலும் அதன் கிளைகளிலும் வாழும் மீன்களைப் பற்றிய நூல் எடின்பரோவில் வெளியானது. கூடவே 39 ஓவியத் தட்டுகள். அறிவியலுக்கு அதுவரை தெரியாத 100-க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் அதில் இருந்தன. 1829-இல் அவர் இறந்தார்.

கல்கத்தாவில் தங்கிவிட்ட மீன் ஓவியங்களை, 100 வருஷம் கழித்து இந்திய மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா தேடி எடுத்து, நூலில் உள்ள விவரங்களோடு ஒப்பிட்டார். எந்தப் பெயர் எந்த மீனைக் குறிக்கிறது என்பதில் இருந்த பல குழப்பங்கள் அதன் பிறகுதான் தீர்ந்தன. படமும் எழுத்தும் பிரிந்ததால் உண்டான நஷ்டம் எவ்வளவு பெரிது என்பது அப்போதுதான் புரிந்தது.

சரி, இதெல்லாம் இன்றைக்கு எதுக்கு?

ஹாமில்டன் காலத்திலும், அதற்குப் பிறகு 100 வருஷத்துக்கு மேலும், ரோகு குஞ்சு வேணும் என்றால் பெரும்பாலும் ஆற்றுக்குத்தான் போகணும். ரோகு குளத்தில் நன்றாக வளரும், ஆனால் தேங்கிய நீரில் முட்டை போடாது. மழைக்கால வெள்ளம் ஓடும் ஆறு அதற்கு வேண்டும். அதனால் பருவத்தில் ஆற்றில் வலை கட்டிக் குஞ்சுகளை அள்ளினார்கள். அதில் ரோகு, கட்லா, களை மீன், மற்ற மீனைத் தின்னும் மீன் எல்லாம் கலந்தே வரும். விதை எது என்றே தெரியாமல் விதைப்பது மாதிரி.

1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவின் அங்குலில் அது மாறியது. ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தி, பெருங்கெண்டை மீன்களைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார். ஜூலை 10-ஐ தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுவது இதற்காகத்தான். அவர் முன்னதாக இந்த முறையில் வெற்றி கண்ட சின்ன மீன்களில் ஒன்றான எசோமஸ் டான்ரிகஸ் கூட ஹாமில்டன் 1822-இல் பெயர் வைத்ததுதான்.

தாய் தந்தையை நாமே தேர்ந்தெடுக்க முடியும் என்றானதும் அடுத்த கேள்வி வந்தது. எந்தத் தாய், எந்தத் தந்தை?

1992-இல் புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம், நார்வேயின் அக்வாஃபோர்ஸ்க் நிறுவனத்தோடு சேர்ந்து ரோகுவில் தேர்வு இனப்பெருக்கத்தைத் தொடங்கியது. சால்மன் மீனில் நார்வே ஏற்கனவே ஜெயித்த முறை அது. முதல் வேலை என்ன தெரியுமா? பண்ணை மீன்களோடு கலக்க, கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா என்று ஐந்து ஆறுகளிலிருந்து காட்டு ரோகுவைக் கொண்டுவந்தார்கள். இவற்றில் பல, ஹாமில்டன் மீன்களைப் பதிவு செய்த அதே கங்கைக் குடும்பத்து ஆறுகள்.

முறை எளிமையானது, உழைப்புதான் அதிகம். ஒவ்வொரு ஜோடியின் குஞ்சுகளையும் தனித்தனித் தொட்டியில் வளர்க்கணும். கொஞ்சம் பெரிதானதும் உடம்புக்குள் அடையாளச் சிப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே குளத்தில் விடணும். பிறகு எடை பார்த்து, நன்றாக வளர்ந்த குடும்பங்களிலிருந்து நல்ல மீன்களைப் பொறுக்கி, நெருங்கிய சொந்தங்கள் சேராதபடி ஜோடி போடணும். மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை எதுவும் இதில் இல்லை. நம்ம ஊரில் நல்ல காளையைப் பார்த்துச் சேர்ப்பதைக் கணக்கோடு செய்வது, அவ்வளவுதான்.

பலன்? வளர்ச்சி வேகம் ஒரு தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் அளவுக்குக் கூடியது. கூட்டு வட்டி மாதிரி பார்த்தால், ஐந்து தலைமுறையில் இரண்டு மடங்கைத் தாண்டும் கணக்கு இது. சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997-இல் வெளியானதால் அதற்கு ‘ஜெயந்தி ரோகு’ என்று பெயர். பிறகு அதே நிறுவனம் கட்லாவிலும் மேம்படுத்திய இனத்தைக் கொண்டுவந்தது.

சித்தூர் மாதிரி மானாவாரி மாவட்டத்துக்கு இந்த வேகம் பெரிய விஷயம். இங்கே பல ஏரிகளில் மழைக்குப் பிறகு சில மாதங்கள்தான் தண்ணீர் நிற்கும். தண்ணீர் வற்றுவதற்குள் மீன் விற்கும் அளவுக்கு வளர்ந்தால் லாபம், வளராவிட்டால் நஷ்டம்.

நல்ல இனம் இருந்தால் போதுமா?

போதாது. வேகமாக வளரும் மீனுக்கு வளர்வதற்கான தீனியும் வேணும்.

ஆந்திரக் குளங்களில் வழக்கமான தீனி, எண்ணெய் எடுத்த தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான். ஓட்டை போட்ட பைகளில் அடைத்துக் குளத்தில் தொங்க விடுவார்கள், மீன் வந்து கொத்தித் தின்னும். மலிவு, கையில் கிடைப்பது. ஆனால் தவிட்டில் புரதம் குறைவு. புண்ணாக்கில் புரதம் இருந்தாலும், லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு முக்கியமான அமினோ அமிலங்கள் குறைவு. ஈரத்தில் கிடந்தால் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சும் சேரும்.

வளரும் ரோகுவின் தீனியில் சுமார் 30 சதவீதம் புரதம் இருக்கணும் என்பது பொதுவான கணக்கு. அந்தப் புரதத்தை விலை உயர்ந்த மீன் தூள் இல்லாமல், தாவரப் பொருட்களிலிருந்தே சரிவிகிதத்தில் கொடுக்க முடியுமா என்பதில்தான் இன்றைய தீவன ஆய்வுகள் பல மையம் கொண்டிருக்கின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. நல்ல தீனி போட்டு நடத்திய போட்டியில் முதலிடம் பிடித்த குடும்பம், வெறும் தவிடு போடும் குளத்திலும் முதலிடம் பிடிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் இனத் தேர்வையும் தீவனத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது.

எது ரோகு என்ற பழைய கேள்வி

இங்கேதான் ஹாமில்டன் மறுபடியும் தேவைப்படுகிறார்.

குஞ்சுப் பொரிப்பகங்களில் ரோகுவையும் கட்லாவையும் ஒரே தொட்டியில் முட்டையிட விட்டால் இரண்டும் கலந்துவிடும். அந்தக் கலப்புக் குஞ்சு விற்பனைக்குப் போகும், அதிலிருந்து அடுத்த தாய் மீன் வரும். இன்னொரு பக்கம், செலவை மிச்சப்படுத்தக் கொஞ்சம் தாய் மீன்களையே வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டால், சொந்தத்துக்குள்ளேயே கலந்து வளர்ச்சி குறையும், நோய் தாங்கும் சக்தி குறையும். விவசாயி தூய ரோகு என்று நம்பி வாங்கும் குஞ்சு உண்மையில் என்ன என்ற கேள்வி, 1957-க்கு முன்னால் ஆற்றில் வலை வீசியவர் கேட்ட அதே கேள்விதான்.

பண்ணையில் தவறு நடந்தால் திருத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஆற்றுக்குப் போய்ப் புதிய மீனைக் கொண்டுவந்து மறுபடி தொடங்கலாம். 1992-இல் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அணைகளும் கழிவும் ஆற்று மீனைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. பண்ணையிலிருந்து தப்பும் மீன் ஆற்று மீனோடு கலந்தால், அசல் எது என்றே தெரியாமல் போகும். தேர்வு இனப்பெருக்கம் என்பது இருப்பதில் நல்லதைப் பொறுக்குவது. இல்லாததை அதனால் உருவாக்க முடியாது. பொறுக்குவதற்கு ஆற்றில் வகை வகையாக மீன் இருக்கணும்.

ஹாமில்டனுக்கு மரபியல் தெரியாது. மெண்டல் பிறந்தது 1822-இல், அந்தப் புத்தகம் வந்த அதே வருஷம். மீன் பண்ணைக்கு உதவட்டும் என்று நினைத்தும் அவர் எழுதவில்லை. அவர் செய்தது ஒன்றுதான்: இந்த ஆற்றில், இந்தப் பெயரில், இந்த உருவத்தில் ஒரு மீன் இருக்கிறது என்று, அதைப் பிடித்தவர்களிடம் கேட்டுச் சரியாக எழுதி வைத்தார்.

அடுத்த முறை குஞ்சு வாங்கும் விவசாயி, இதன் தாய் மீன் எங்கிருந்து வந்தது, எத்தனை வருஷமாக மாற்றவில்லை என்று பொரிப்பகத்தில் கேட்டால், அவரும் அந்த வேலையைத்தான் தொடர்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைத்திருக்கும் பொரிப்பகங்கள் எத்தனை இருக்கின்றன என்பதில்தான் நம்ம தட்டுக்கு வரும் ரோகுவின் எதிர்காலம் இருக்கிறது.